பத்துக்கு ஏழு

முதலில் பனியைச் சொல்லிவிடுகிறேன்.
அந்த விளையாட்டில் பனி பொய்.
எட்மன்டனில் பதினொரு மாரி பஸ் ஓட்டியவள் சொல்கிறேன்:
உப்பும் சேறும் கலந்து பழுப்பாகி
ஆட்களின் சப்பாத்தோடு படியேறி வராத பனி
பனியில்லை.
நான் வைத்த காலடி
பத்து எண்ணுவதற்குள் மூடிக்கொள்கிறது,
அந்த வழியால் ஒருத்தரும் போகவேயில்லை என்பதுபோல.

தண்ணீர் ஆனால், ஐயோ, தண்ணீர்!
துறைமுகத்தில் விடியும்போது
படகுக் கயிறொன்று நனைந்து கனத்துத் தொங்குகிறது.
யாரோ ஒருத்தர் மாதக்கணக்காய்க் குந்தியிருந்து
அந்தக் கயிற்றை மட்டும் செய்திருக்கவேண்டும்.
சண்டையை விட்டுவிட்டு இருபது நிமிடம் பார்த்து நின்றேன்.
முதுகில் அம்பு பட்டுச் செத்தேன்.
அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

காட்டைக் கடத்திவிடு என்று
ஒரு வியாபாரியைக் கையில் தருகிறார்கள்.
நடந்தால் முந்துகிறான்,
ஓடினால் பிந்துகிறான்.
இதைச் செய்தவர் ஒருநாளாவது
இன்னொரு ஆளோடு சேர்ந்து நடந்ததில்லையா?
வழி முழுக்க ஒரே வசனம்:
"இந்தக் காட்டில் எனக்கொரு தம்பி இருந்தான்."
முதல் தடவை நெஞ்சு இளகியது.
பதினாலாவது தடவை
தம்பி ஏன் ஓடிப்போனான் என்று விளங்கியது.

நகரத்து விளையாட்டில் ஓட்டம் அருமை.
திருப்பத்தில் டயர் வழுக்குவது உள்ளங்கைக்குத் தெரிகிறது.
பஸ்ஸும் வைத்திருக்கிறார்கள், மோதுவதற்கு.
தரிப்பிடங்களில் ஆட்கள் காத்து நிற்கிறார்கள்,
ஒரு பஸ்ஸும் அவர்களுக்காக நிற்பதில்லை.
நான் ஒன்றைத் திருடி
ஓரிரவு முழுக்க ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்தினேன்.
கதவைத் திறந்தும் பார்த்தேன்.
ஒருத்தரும் ஏறவில்லை.
தொப்பி போட்ட ஒருவர் கத்திக்கொண்டு ஓடினார்.

தொப்பி என்றதும்தான் ஞாபகம்.
பெட்டகம் திறக்க மூன்று டாலர் தொண்ணூற்றொன்பது சதம்.
உள்ளே தொப்பி.
ஏற்கெனவே என்னிடம் இருந்த தொப்பி.
நேர்மை என்று தொடங்கியதால் இதையும் எழுதுகிறேன்:
இரண்டு தடவை வாங்கினேன்.

டிப்போவில் பிரென்டன் ஒரு போர் விளையாட்டைத் தந்தான்.
ஷெல் விழும் சத்தம் அச்சொட்டு என்றான்.
சத்தம் சரிதான்.
அதற்குப் பிறகு வருவதுதான் பிழை.
புழுதி அடங்கினதும்
ஒருத்தரும் மற்றச் செருப்பைத் தேடுவதில்லை,
ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
நாலு நொடியில் மறுபடி பிறந்து
துவக்கோடு ஓடுகிறார்கள்.
அடுத்த நாளே திருப்பிக் கொடுத்தேன்.
"கஷ்டமா?" என்று கேட்டான்.
"இல்லை, மெத்தச் சுலபம்" என்றேன்.
அதற்கு நான் புள்ளி போடவில்லை.

மற்றபடி, விடிய மூன்று மணிக்கு எழும்பி
வேலைக்குப் போகமுன் ஒரு மணித்தியாலம்.
பெர்த்தில் அப்போது பின்னேரம் ஆறு.
வாகீசனின் மைக்கில் குக்கர் விசில், பிள்ளையின் அழுகை.
மூன்று தலைப் பூதத்தின் கடைசித் தலையில்
"அக்கா, பம்பஸ் மாத்தவேணும்" என்று எழும்பிப் போய்விட்டான்.
அவனுடைய வீரன்
வாளை ஓங்கினபடி அப்படியே நின்றான்.
பூதத்துக்கும் அவனுக்கும் நடுவில்
நான் சுற்றிச் சுற்றி ஓடினேன்,
ஒரு அடியும் அவன்மேல் விழவிடாமல், பதினொரு நிமிடம்.
இந்த வேலையைச் செய்யச் சொல்லி
விளையாட்டு என்னைக் கேட்கவில்லை.
செய்து முடித்ததற்குப் பதக்கமும் இல்லை.
வாகீசன் வந்து, "ஏன் இன்னும் அடிக்கேல்லை?" என்றான்.

பத்துக்கு ஏழு.
பனிக்கு ஒன்று, நடைக்கு ஒன்று,
தொப்பிக்கு ஒன்று கழித்தேன்.

வெளியே எஞ்சினைச் சூடாக்கிவிட்டு வந்து
ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால்
மறுபடி அந்தக் காட்டுக்குத்தான் போகிறேன்.
வியாபாரியின் தம்பி கடைசியில் வருகிறானாமே.
இன்னும் அவ்விடம் நான் போய்ச் சேரவில்லை.
தெரிந்தவர்கள்
தயவுசெய்து சொல்லிப்போடாதீர்கள்.