ஒன்பது நிமிடம்

மின்தடைச் செவ்வாய்க்கிழமைகளில்
ஓவன் கடிகாரம் மட்டும் முந்தி ஓடுகிறதென்று
ஹொரமாவிலிருந்து ஐரின் லோபோ
மூன்று முறை புகார் எழுதியிருந்தார்.

போனேன். பத்துக்கு நின்ற பெஸ்காம் லைன்
மூன்றுக்குத்தான் வரும்.
மாடியில் ஆறு பேனல், ஏப்ரல் வெயில்.
படிக்கட்டுக்குக் கீழே பேட்டரி
பதினொன்றுக்கே நிறைந்து
தொட்டியை முடித்த எருமைபோல் நின்றது.
வீட்டில் ஓடியவை இரண்டு ஃபிரிட்ஜ்,
ஒரு ஃப்ரீசர், நனைந்த சீருடைகளோடு வாஷிங் மெஷின்.

"வெயில் இப்படிக் கொளுத்துது.
சோலார் பாதிதான் வேலை செய்யுது.
அதுக்கு என்ன சாக்கு?"

சிரித்துவிட்டேன்.
இந்த ஊர்க் கன்னடத்தில் சாக்கு என்றால் போதும்.
பரிமாறுகிற கரண்டியை
இலைக்குமேல் கை விரித்துத் தடுக்கிற சொல்.

மாடிக்கும் பேட்டரிக்கும் பேச்சுக்கென்று தனிக் கம்பி இல்லை.
இருக்கிற கம்பியில் ஓடும் அதிர்வெண்தான் பேச்சு.
நொடிக்கு ஐம்பது.
நிறைந்ததும் கீழே இருக்கிற இன்வெர்ட்டர்
அதைக் கொஞ்சம் ஏற்றுகிறது:
ஐம்பத்தொன்று,
ஐம்பத்தொன்றரை.
மேலே இருப்பது கேட்டுக்கொள்கிறது.
சாக்கா, சரி, என்று பாதியாகிறது.
ஐம்பத்திரண்டென்றால் முழுக்கக் கைகட்டிக்கொள்ளும்.
வெயிலுக்கு யாரும் தகவல் சொல்வதில்லை.

ஓவன் கடிகாரத்துக்கும் சொல்வதில்லை.
ஐம்பது துடிப்பு வந்தால் ஒரு நொடி,
அதற்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.
துடிப்பு விரைந்தால் அதற்குப் பொழுதும் விரைகிறது,
ஐந்து மணி நேரத்தில் ஒன்பது நிமிடம்.

"அந்த ஒன்பது நிமிஷம்தான்," என்றார் ஐரின்,
"நான் ரோட்டில் நின்னு
ஸ்கூல் பஸ் டிரைவரைத் திட்டறது."

மீட்டர் முனைகளைப் பிடித்தபடி கேட்டேன்,
இன்றைக்கு ஆர்டர் உண்டா?
உண்டு. ஒரு ஞானஸ்நானத்துக்கு இரண்டு கிலோ பிளம் கேக்.
கரண்ட் வந்தபின் வைக்க இருந்தார்.
இப்போதே வையுங்கள் என்றேன்.

குமிழைத் திருகினார்.
51.5
51.1
50.0
மாடியில் ஒரு சத்தமும் இல்லை.
ஆறு பேனலும் முழுதாய் இறங்கிக்கொண்டிருந்தன,
குறைந்ததற்குப் பேட்டரி கைகொடுத்தது.
கேக் வெந்த நேரமெல்லாம்
கடிகாரம் என் கைக்கடிகாரத்தோடு சேர்ந்தே நடந்தது.

பணி அறிக்கையில் பழுது: இல்லை.
தீர்வு: உச்சி வெயிலில் சுடவும்.
கையெழுத்து வாங்கினேன்.

கிண்ணத்தில் மிஞ்சிய மாவைச் சின்ன டின்னில் ஊற்றி
எனக்கென்று ஒன்று சுட்டிருந்தார்.
முதல் துண்டு. சூடாக, நடுவில் சற்றே ஈரமாக.
இரண்டாவதற்குக் கத்தியை வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தார்.
நான் சாக்குச் சொல்லவில்லை,
எந்த மொழியிலும்.