ஏழாவது வரிசை

பதினொரு மணி வெயிலில்
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார் அந்தோணியம்மாள்.
திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட்டிலிருந்து என் கடைவரை
ஐஸ் பெட்டி ஒழுகித் தாரில் ஒரு கோடு.

"போன வருசம் புஷ்பவனத்துலேருந்து வந்து
மீன வித்துட்டு வீடு போயிச் சேந்தாலும்
ஒரு கட்டம் மிச்சமிருக்கும்.
அப்புறம் திரும்பையில வாய்மேட்டுல படுத்துச்சு.
இன்னைக்கு வர்றப்பவே."

பெட்டியைக் கழற்றினேன்.
மூடியில் சங்கராச் செதில்.
நான்கு திருகில் மூன்று
உப்பு தின்றுவிட்டிருந்தது.

உள்ளே பதிமூன்று வரிசை,
வரிசைக்கு ஐந்து செல்.
மீட்டர் முனையை வைத்து ஒவ்வொன்றாய் விசாரித்தேன்.
மூன்று புள்ளி ஆறு, ஆறு, ஆறு,
மூன்று புள்ளி ஐந்து,
மறுபடி ஆறு, ஆறு.
ஏழாவது: இரண்டு புள்ளி ஒன்பது.

"ஒண்ணுதானே?"

ஒன்றுதான்.
ஆனால் அது தரைதட்டியதும்
காவல் பலகை எல்லாருக்கும் சேர்த்து ஷட்டரை இறக்கிவிடும்.
பன்னிரண்டு வரிசையில் தண்ணீர் நிற்கும்,
வண்டி நகராது.

எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.
"இது எப்புடி ஓடுது?" என்று கேட்டது
இவர் ஒருவர்தான்.

இரண்டு கரை, என்றேன்.
இந்தக் கரையில் பென்சில் கரி, ஏடு ஏடாக.
சார்ஜ் போட்டால் லித்தியம் ஏறிவந்து
ஏட்டுக்குள் ஒண்டிக்கொள்ளும்.
ஆசைப்பட்டு அல்ல.
மோட்டார் வைத்து மேட்டுக்கு இறைத்த தண்ணீர் அது;
நீங்கள் கைப்பிடியை முறுக்கியதும்
அக்கரைக்கு இறங்கிவிடும்.
நடுவில் வெங்காயச் சருகைவிட மெல்லிய திரை.
லித்தியம் அதன் வழியே நனைந்து போகலாம்.
அதனிடமிருந்து பிரிந்த எலக்ட்ரானுக்கு அங்கே வழியில்லை,
கம்பியைச் சுற்றித்தான் போகவேண்டும்.
சுற்றுகிற வழியில்தான்
உங்கள் சக்கரம் இருக்கிறது.

"குறுக்கு வழிய அடைச்சி
டோல்கேட்டு வழியா வரவைக்கிறாப்ல."

ஆமாம். இதைவிட நன்றாக
நானும் சொன்னதில்லை.

கெடுவதைச் சொல்வதுதான் கஷ்டம்.
முதல் சார்ஜிலேயே கொஞ்சம் லித்தியம்
கரியின்மேல் படலமாய்ப் படிந்துவிடும்.
படலம் இல்லாவிட்டால் செல் பிழைக்காது.
தடித்துப்போனாலும் பிழைக்காது.
வெண்ணாற்று வண்டல் வயலுக்கு வந்தால் உரம்,
வாய்க்காலிலேயே தங்கினால்
தூர்வாரச் சொல்லி மனு.
சூட்டில் சீக்கிரம் தடிக்கும்.
ஏழாவது பெட்டியின் நட்டநடுவில்.
மேலே மீனுக்கு ஐஸ்,
கீழே இதற்கு அக்கினி நட்சத்திரம்.

"இதுக்கு மேல நல்லது வராதா?"

வரும் என்கிறார்கள்.
உள்ளே நீர்மத்துக்குப் பதில் கெட்டிப்பொருள் வைத்து
தீப்பிடிக்கிற பயத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.
லித்தியத்துக்குப் பதில் சோடியம் இப்போதே வந்துகொண்டிருக்கிறது.
கனம் கூட, அதே எடைக்குத் தூரம் கொஞ்சம் குறைவு.
ஆனால் முழுக்க வற்றினாலும் அவ்வளவாகக் கோபித்துக்கொள்ளாது.
சோடியம் என்றால்... உப்பில் இருப்பதுதான்.

அவர் சிரித்த சிரிப்பில்
டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
"எங்க நாத்தனா அகஸ்தியம்பள்ளி அளத்துல உப்பு வார்றா.
மூட்டைக்கு என்ன குடுக்குறான்னு தெரியுமா உனக்கு?
அத பேட்டரின்னு எழுதி எனக்கே விப்பான்,
மாசத் தவணையில."

பதில் சொல்லாமல் ஸ்பாட் வெல்டிங்கைச் சூடாக்கினேன்.
மன்னார்குடி வசூல்காரர் ஒருவர் போட்டுவிட்டுப் போன பெட்டியில்
இதே வயதுள்ள ஐந்து செல் தேறியது.
புதிதை வைத்தால் பழையவற்றோடு ஒத்துப்போகாது.

எண்பதோடு சார்ஜை நிறுத்துங்கள்,
வண்டியை நிழலில் போடுங்கள் என்றேன்.

"எண்பதோட நிறுத்துனா தகட்டூர்ல நிக்கும்.
நீ வந்து தள்ளுவியா?
நெழல்ல மீன் விக்க ஆளு வருமா?"

அறுநூறு ரூபாயும்
ஐஸ் கரைந்த ஒரு கூறு மத்தியும் வைத்துவிட்டுக்
கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார்.

மூடி போடுமுன்
நான்காவதை இன்னொருமுறை அளந்திருந்தேன்.
மூன்று புள்ளி நான்கு.

அதை நான் சொல்லவில்லை.
கேட்டைத் திறந்துவிட்டார்கள்,
கட்டம் முழுசாகக் காட்டிக்கொண்டு
வண்டி போய்விட்டது.