ஆறாம் எண் அறைத் தரை

கானாடுகாத்தானில்
ஹோட்டலாகிவிட்ட ஒரு வீடு.
அதன் ஆறாம் எண் அறையில்
இத்தாலிச் சிவப்புக் கல்லுக்குள்
ஒரு சுருள் இருக்கிறது.
ஜிலேபி அளவு. கொஞ்சம் பெரிது.

பதினோரு வருடமாக
அதன்மேல் பாலிஷ் மெஷின் ஓட்டியிருக்கிறேன்.
கல்லின் ரேகை என்று நினைத்தேன்.
பொய். எதுவும் நினைக்கவில்லை.
சதுர அடிக்கு இத்தனை ரூபாய், அவ்வளவுதான்.

கெத்சீயாள்தான் சொன்னாள்.
காலேஜ் லீவில் அளவெடுக்க உடன் வந்தவள்
ஈரத்தரையில் குந்தி,
"அப்பா, இது உயிரோட இருந்தது" என்றாள்.
கடலில். பதினைந்து கோடி வருடத்துக்கு முன்னால்.
நான் அதன்மேல் வைத்திருந்த டிபன் பாக்ஸை
எடுத்து ஓரமாக வைத்தேன்.
ஏன் என்று தெரியவில்லை.

மே மாதம் தேவகோட்டையில் வாலிபர் முகாம்.
வெளியூர்ப் பிரசங்கியார் திரையில் படம் போட்டார்.
ஆதாமிலிருந்து வயதுகளைக் கூட்டிக்கொண்டே வந்தார்.
ஆறாயிரம் சொச்சம்.
வட்டிக்கடைப் பேரேடு மாதிரி
ஒரு பைசா இடிக்கவில்லை.
சங்கு, சிப்பி, மலையுச்சியில் மீன்முள்,
எல்லாம் ஜலப்பிரளயத்தில்
ஒரே வருடத்தில் படிந்த வண்டலாம்.

என் மகள் கை தூக்கினாள்.
ஆறாம் எண் அறையைப் பற்றிச் சொன்னாள்.
வருடக் கணக்கையும் சொன்னாள்.

அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.
மிகுந்த அன்போடு மைக்கில் கேட்டார்:
"மகளே, முதல் பக்கம் பொய்யானால்
கடைசிப் பக்கத்தை எப்படி நம்புவாய்?"
நாற்பது பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.
நான் ஜன்னலுக்கு வெளியே
சமையல் கொட்டகையில்
மதியச் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
கத்தியைக் கீழே வைத்தேன்.
திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சபைக் கமிட்டியில் இரண்டு மணிநேரம்.
லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வுபெற்ற தர்மசீலன்,
"சூரியனே நாலாம் நாள்தானய்யா,
முதல் மூணு நாளை
எந்தக் கடிகாரத்துல பார்த்தாரு?" என்றார்.
பொருளாளர் ஒபதியா மேசையைத் தட்டினார்:
"இன்னைக்கு நாளை இளக்குவீங்க,
நாளைக்குக் காலியான கல்லறையை இளக்குவீங்க."
அவர் பையன் பெங்களூரில்
ஜெபத்தை விட்டு நாலு வருடம்.
அவர் கல்லைப் பற்றிப் பேசவில்லை என்று
அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.
அதனால் யாரும் பதில் சொல்லவில்லை.
டீ ஆடை கட்டியது.
தீர்மானம்: பிள்ளைகளுக்காக
வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்.
பிள்ளைகளைக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் அவள் கோயிலுக்கு வருகிறாள்.
திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போவதில்லை.
பக்கத்தில் இருப்பவர்கள் அவள் முழங்காலைத் தாண்டிப் போகிறார்கள்.

ஓர் இரவு, பைக்கில்,
பள்ளத்தூர் ரோட்டில், அவள் முகம் தெரியாததால்
துணிந்து கேட்டேன்:
"கடவுள் இல்லைங்கறியா?"

ரொம்ப தூரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு என் முதுகுக்குச் சொன்னாள்:
"அந்தச் சுருளைப் பார்த்ததும்
எனக்கு ஜெபம்தான் வந்துச்சுப்பா.
எவ்வளவு காலமா ஒருத்தர் பார்த்துக்கிட்டே
இருந்திருக்காருன்னு.
அன்னைக்கு நான் கேள்வி கேட்கக் கை தூக்கல.
சாட்சி சொல்லத்தான் தூக்கினேன்."

எதிரே ஒரு லாரி
லைட்டைக் குறைக்காமல் வந்தது.
நல்லவேளை.

போன வாரம் மறுபடி ஆறாம் எண் அறை.
அந்த இடம் வந்ததும்
கை தானாக மெஷினைத் தூக்கிவிடுகிறது.
சுற்றிலும் கண்ணாடி;
நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மங்கல்.
மேனேஜர் வந்து, குனிந்து பார்த்து,
"இங்க மட்டும் ஏன் இப்படி இருக்கு, சாமுவேல்தாஸ்?" என்கிறார்.

பார்க்கிறேன் சார் என்கிறேன்.