முந்நூற்று இருபத்தொன்பது

பஞ்சிகாவத்தையில் மழை.
கியர்பெட்டிகள் நனையாமலிருக்க
எதிர்க்கடை ஷாப்தீன் தறப்பாளை இழுத்துக் கட்டுகிறான்.
துவான் கிச்சில் மாஸ்டர் வாசலில் குடையை உதறிவிட்டு
பிஸ்கட் ரின்னை என் மேசையில் வைத்தார்.
பஞ்சுக்குள் ஐம்பது வெற்றுக் கோதுகள்.
கேட்காமலே
அனுமதிப்பத்திரப் பிரதியும்.

"கழுத்தைப் பார் தம்பி.
கழுத்துக் கோணினா முந்நூறு மீற்றரில
நாலு விரல் தள்ளிப் போகுது."

உருண்டை முனை மைக்ரோமீற்றரை உள்ளே விட்டுத் திருகினேன்.
அங்குலத்தை ஆயிரமாய்க் கூறிட்டால்
ஒரு பக்கச் சுவர் பதினாலு.
அரைச் சுற்றுத் திருப்பினால் பன்னிரண்டு.
கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டுதான்
சனி இரவுகளில் அவர் நித்திரையைத் தின்கிறது.

தடித்த பக்கம் சீவினால் சுற்றிவரப் பன்னிரண்டு.
சன்னம் முந்நூற்றெட்டு,
சுவரிரண்டும் இருபத்துநாலு,
கூட்டி, பிடிமானத்துக்கு இரண்டு கழித்து,
வளையம் முந்நூற்று முப்பது என்று
சிகரெட் மட்டையில் எழுதினேன்.

"முப்பதில நெரிச்சா முப்பத்தொண்டில வந்து நிக்கும்.
விட்டதும் பித்தளை கொஞ்சம் திமிறும்."

சரிதான்.
வெட்டிவிட்டு இருபத்தொன்பது என்று எழுதினேன்.

மின்சாரம் இல்லாத வருசங்களில்
இதே கோதின் அடியை அரத்தால் அறுத்து
ஜாம் போத்தல் மூடியில் செருகுவோம்.
திரி இறுகினால் எண்ணெய் ஏறாது.
தளர்ந்தால் புகை.
அளக்க ஒன்றுமில்லை,
அக்கா கழுத்தை உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பாள்,
சத்தத்தில் தெரியுமாம்.
சைனும் கொசைனும் நான் படித்தது
அந்தச் சுண்டுவிரல் வெளிச்சத்தில்.

பிறகு கொட்டாஞ்சேனை லொட்ஜில்
பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள்.
சட்டைகளுக்குள்ளிருந்து ஒன்று உருண்டு
ஒரு சப்பாத்தில் முட்டி நின்றது.
விளக்கு என்றேன்.
பதினொரு நாள்
விளக்கினேன்.

மாஸ்டர் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடிக்கிறார்.
எப்ப கிடைக்கும்?
வெள்ளிக்கிழமை, கரண்ட் நின்றால் சனி.
உருக்கைக் கடைய ஒரு மணித்தியாலம்,
பதமேற்ற ஒன்று, மினுக்க அரை.
கூலி சொன்னேன். பேரம் பேசவில்லை.

ரசீது எழுதுமுன் கோதுகளை எண்ணினேன்.
ஐம்பது.
திரும்ப எண்ணினேன், மேசைக்கு அடியிலும் பார்த்தேன்.
ஐம்பது.
"என்ன தம்பி, நான் பொய்யா சொல்லுவன்?" என்று சிரித்தார்.

அவரையும் ஒருக்கால் எண்ணச் சொல்லி
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.