நாற்பது எழுத்து

இரவு எட்டரைக்கு லாகின்.
தண்டையார்பேட்டை, ஃபேன் ரிப்பேர் கடைக்கு மேல் மாடி.
நாங்கள் ஒன்பது பேர்
ஓர் அமெரிக்க மாநிலத்தின் தேர்தலைத்
தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.
கார்டுக்கு அறுபத்தைந்து பைசா.

அங்கே யாரோ வீடு வீடாகத் தட்டி எழுதி வாங்கிய கார்டுகள்.
பெயர், தெரு, வயது,
அட்டர்னி ஜெனரலுக்கு உங்கள் ஓட்டு யாருக்கு.
ஒன்று என்றால் அவர். இரண்டு என்றால் இவர்.
மூன்று, இன்னும் முடிவெடுக்கவில்லை.
நான்கு, கதவைச் சாத்திவிட்டார்.

அட்டர்னி ஜெனரல்னா யாரு, கேட்டேன் முதல் நாள்.
சர்க்கார் வக்கீலுங்களுக்கெல்லாம் தலைக்கா, என்றான்
டீம் லீடர் ஃபயாஸ், சமோசாவைப் பிட்டுக்கொண்டே.
வக்கீலுக்கா ஓட்டு?
ஆமா, ஜனங்களே குத்துவாங்க.
பக்கத்து சீட்டு ஹேமாவதி சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஒன்று, ஒன்று, இரண்டு, நான்கு,
விரல் தன்பாட்டுக்கு ஓடியது.

என் தம்பி எபினேசரைக் கன்டெய்னர் லாரி அடித்தது
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், காலை ஆறு இருபதுக்கு.
பால் பாக்கெட் நான்கும் உடையாமல் கிடந்தன.
அதையும் மகஜரில் எழுதியிருக்கிறார்கள்.

ஐந்து வருஷம். பதினேழு வாய்தா.
முதலில் இருந்த சர்க்கார் வக்கீல் மாற்றலாகிப் போனார்.
அடுத்தவர் பெயரை நான் கேட்டுக்கொள்வதற்குள்
அவரும் இல்லை.
மூன்றாமவர் கட்டைப் பிரித்து
லாரி கேஸா, ஆட்டோ கேஸாம்மா என்றார்.
நல்ல மனுஷன்தான். அன்றைக்கு அவர் கையில்
முப்பத்தொரு கட்டு.
அவரை யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது.
என்னை யாரென்று அவருக்கும் தெரியாது.
ஆனால் தாளில் என் பக்கம் அவர்தான்.

ராத்திரி இரண்டு மணிக்கு மணலிக் காற்று திரும்பும்.
அழுகின முட்டை வாசனை.
யாரும் சொல்லாமலே யாராவது எழுந்து ஜன்னலைச் சாத்துவோம்.
அப்படிச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது
அந்தக் கார்டு.

டோரீன் ஹாஸ்கெல், வயது 58.
ஓட்டு யாருக்கு என்ற இடம் காலி.
பென்சில் எழுத்து கட்டத்தைத் தாண்டி, ஓரமாக ஏறி,
கார்டின் முதுகில் போய் முடிந்தது.
என் மகன் வேலை பார்த்த இடத்தில் கூரை விழுந்தது.
இரண்டு அட்டர்னி ஜெனரலுக்கு எழுதிவிட்டேன்.
இரண்டு பேருக்கும் ஓட்டுப் போட்டவள் நான்.
இந்த முறை ஜெயிக்கிறவராவது
அந்த ஃபைலைத் திறந்து பார்ப்பாரா
என்று, கேள்விக்குறி போட மறந்து.

இத்தனை நாளும் எனக்கு ஒரு பொறாமை இருந்தது.
ஓட்டுப் போடுகிறவர்களுக்கு வாய்தா கிடையாது என்று.
அது அன்றைக்குப் போயிற்று.
போனது நல்லதா என்று தெரியவில்லை.

குறிப்புக் கட்டம் நாற்பது எழுத்துதான் வாங்கும்.
கூரை வரைக்கும் வந்து நின்றுவிட்டது கர்சர்.
விதிப்படி எண் ஒன்பது, மற்றவை, அடுத்த கார்டு.
நான் அடுத்த கார்டைத் திறந்து
அதே பெயரைப் போட்டேன். கூரையிலிருந்து தொடர்ந்தேன்.
மறுபடி. மறுபடி.
டோரீன், டோரீன், டோரீன் என்று
எட்டு வரிசை சிவப்பாகிக் கத்தியது, டூப்ளிகேட்.

ஃபயாஸ் எழுந்து வந்தான்.
குனிந்து எட்டையும் படித்தான், உதடு அசைய.
இதுக்குக் காசு வராதுக்கா.
தெரியும்.
மூணாவதுல ஸ்பெல்லிங் தப்பு, என்றான்.
திருத்தினேன்.
அவன் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்து
எதையோ அமுக்கினான். சிவப்பு போயிற்று.
அழித்தானா, அனுப்பினானா, கேட்கவில்லை.

நாலரைக்கு லாக்அவுட்.
பத்தரைக்குக் கோர்ட், பதினெட்டாவது.
மூன்றாமவரும் மாறிவிட்டாராம், புதிதாக ஒரு அம்மா.
கட்டின் மேல் குத்திவைக்க ஒரு சீட்டு எழுதினேன்,
பழக்கத்தில் எழுத்தை எண்ணிக்கொண்டே.
லாரி கேஸ். எபினேசர். பால் வாங்கப் போனான்.
இன்னும் இடம் இருந்தது.
வயதையும் போட்டேன்.