காலை எண்

ஏழரைக்கு ஊதினேன்.
நேற்று இரண்டு புள்ளி ஒன்பது,
இன்று ஆறு.
கெராந்த் உப்பளத்துக்குப் போகாமல்
பூட்ஸோடு கதவருகில் நின்றான் கூல்வென்.
எண்ணைக் கேட்கவில்லை.
"குழாயைச் சரியாகக் கவ்வவில்லை" என்றேன்.
மறுபடி ஊதினேன்.
அதே ஆறு.

நாந்த்தில் கேமரா விட்டு
ஒரு கிள்ளு எடுப்பார்கள்.
வெறும் அழற்சிதானா,
இல்லை, நாலு வருஷம் கழித்து
என் ரத்தம் கேட்கத் தொடங்கிவிட்டதா,
இது யாருடையதென்று?

பிறந்த அன்று நெற்றியில் முத்தமிட்டு
உப்புக் கரிக்கிறது என்றாளாம் அம்மா.
அந்த உப்பு
தோலில் இன்னும் பூக்கிறது.
உள்ளே இருக்கும் இரண்டுக்கு மட்டும்
அது தெரியாது.

எட்டு மணி மாத்திரை.
காரைத் திருப்பி நிறுத்துகிறான்,
ரேடியோ போடாமல்.
ஜன்னல் கண்ணாடியில்
வாய் வைத்து ஊதுகிறேன்.
மங்குகிறது, உள்ளங்கை அகலத்துக்கு.
இதற்கு எண் இல்லை.