ஓஹி

பர்லியாறு பக்கம் மண் சரிந்து
ரோடு அடைத்த செவ்வாய்க்கிழமை.
கலெக்டர் வழக்கம்போல
பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு
லீவு விட்டார்.
டெஸ்பினா ஓடி வந்து
லைன் வீட்டுக் கதவைத் தட்டினாள், தலையெல்லாம் ஈரம்.
"குன்னூருக்கு எப்படித் தெரியும்,
இன்று எங்கள் நாட்டில் விடுமுறை என்று?"

மழைக்கு விட்டது என்றேன்.
அவள் நம்பவில்லை.
வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து
என் பால்கணக்கு நோட்டின் பின்பக்கம்
அக்டோபர் 28 என்று எழுதினாள்.
கீழே ஒரே சொல்: ஓஹி.

தேயிலைப் பூச்சியை ஆராய வந்தவள்.
அவளுக்குத் தமிழ் நான், எனக்குக் கிரேக்கம் அவள்,
காசுப் பேச்சு இல்லை.
நாலு மாதமாகியும் எனக்கு
நே என்றால் ஆமாம் என்பது நாக்கில் ஏறவில்லை.
நோவுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கிறது அது.
நே என்று வாய் சொல்லும்போதே
தலை இடவலமாக ஆடிவிடுகிறது.
ஓஹி சுலபம். அதற்கு வாய்கூட வேண்டாமாம்,
மோவாயைத் தூக்கி ஒரு 'த்ச்'.
அட, லீவு கேட்டால் எங்கள் சூப்பர்வைசர் சொல்வது.

"விடிகாலை மூன்று மணி. தூதன் கதவு தட்டினான்.
படை உள்ளே வரலாமா?
ஓஹி."
ஜெயித்தீர்களா?
"முதலில். பிறகு வேறொருவன் வந்தான். பசி. நிறையப் பேர் செத்தோம்."
பிறகு எதைக் கொண்டாடுகிறீர்கள்?
"சொன்னதை."

தமிழில் அது எது என்று கேட்டாள்.
டம்ளரை வைத்துக்கொண்டு விளக்கினேன்.
டீ இல்லை, தூள் தீர்ந்தது.
டீ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்.
டீ குடிக்க மாட்டேன், நீ யார் எனக்கு ஊற்ற?
மூன்றாவதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அப்பாவை நினைத்துக்கொண்டேன்.
எழுபத்திரண்டில் ஹட்டனில் ரயில், தலைமன்னாரில் கப்பல்,
மண்டபத்தில் முகாம், பிறகு இந்த மலை.
மாட்டேன் சொல்ல
யாராவது கேட்டிருக்க வேண்டுமே முதலில்.
அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்,
ஆகஸ்ட் பதினைந்துக்கு ஃபாக்டரியில் கொடுக்கும் மிட்டாயை மட்டும்
மறக்காமல் எனக்குக் கொண்டுவருவார்.

க்செனித்யா என்றாள் டெஸ்பினா.
அயல்நாட்டில் இருப்பது, இருப்பதன் வலி,
இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்.
சொந்த நாட்டிலேயே இருந்தால்?
பேனாவைக் கடித்தபடி இருந்தாள்.
எழுதவில்லை.

அலமாரியிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.
நிக்கோசியாவில் எண்பது வயது அம்மா ஒருத்தி,
குளிப்பாட்ட, ஊட்ட, இரவில் புரட்டிப் படுக்க வைக்க.
வெள்ளிக்குள் கையெழுத்து என்கிறார் ஏஜெண்ட் டென்சிங்.
விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள்.
"அங்கேயும் இன்று விடுமுறை.
கொடி, ஊர்வலம், எல்லாம்."
எனக்கு?
இன்னொரு தடவை படித்தாள்.
"ஞாயிறு என்று இருக்கிறது.
மற்றது எழுதவில்லை."

அப்போதுதான் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள்,
பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள்,
தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக,
நீல மழைக்கோட்டு, தலையில் வெள்ளை உரச்சாக்கு,
மறுபடி நீலம், மறுபடி வெள்ளை.
டெஸ்பினா எழுந்து வாசற்படியில் நின்றாள்.
கைகள் பக்கவாட்டில், முதுகு நேராக.
கடைசியில் வந்த ஷர்மிளி, ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி,
டாட்டா காட்டினாள்.
டெஸ்பினா அசையவில்லை.
மூக்கிலிருந்து சொட்டியது மழைதானா, கேட்கவில்லை.

இரண்டு மணிச் சங்கு ஊதியது.
ஃபாக்டரிக்கு எந்த நாட்டு லீவும் கிடையாது.
கம்பளியை எடுத்துத் தலையில் போட்டேன்.
"போகிறாயா?" என்றாள்,
எங்கே என்று சொல்லாமல்.
நே என்றேன்.
தலை ஆடியது.
அவள் இரண்டையும் பார்த்தாள்.